செலவான நம்பர்கள்

பெட்டியில் சிவப்பு எரிந்தது. சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டியதுதான், முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் அதற்குத்தானே சோறு போட்டார்கள் என்று உச்சிமாகாளி நின்றார். நின்றார் என்றால், பிரம்பு நாற்காலியில் கால் நீட்டிச் சாய்ந்தபடி மனசுக்குள் நின்றார். மணி மூன்று பத்து. டி.வி. அலமாரியின் மேல் அந்த வெள்ளைப் பெட்டி இரண்டு கொம்பையும் நிமிர்த்திக்கொண்டு, இன்றைக்குத்தான் ஓட்டி வந்து கட்டிய கன்றுக்குட்டி மாதிரி அவரையே பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே ஆடிக்காற்று பாளையங்கோட்டையில் காய்கிற அத்தனை வேட்டிகளையும் ஒரே திசையில் விரட்டிக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் பெய்து மீந்த சாரல் ஒரு கைப்பிடி இவ்வளவு தூரம் வந்து ஜன்னல் கம்பியை நனைத்துவிட்டுப் போயிற்று. காலையில் பெட்டியை மாட்டிவிட்டுப் போன பெண், காதோரம் டெஸ்டரைச் செருகியிருந்தவள், சொல்லித்தான் போனாள்: "சார், அடியில ஒட்டியிருக்க பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வச்சிராதீங்க, மாத்திருங்க. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் பொட்டி ரெண்டு நிமிசம் செத்துப் பொழைக்கும், பயந்துராதீங்க." அது இப்போது நாலாவது முறையாகச் செத்துக் கிடந்தது. நாலு மணிக்கு, இத்தனை வருஷமாய்க் குரலாய் மட்டுமே பழகிய சிநேகிதர் ஞானதிரவியம் வீடியோவில் வருவார். இந்த வீட்டுக்குள் செல்போன் சிக்னல் வருவது தூரத்துச் சொந்தம் வருகிற மாதிரி, வந்தாலும் வாசலோடு திரும்பிவிடும். குரலையே பாதிதான் கொண்டுவருகிற அது முகத்தை எங்கே சுமக்கப்போகிறது? அதனால்தான் இந்த வைஃபை. மூன்று மாதமாய் ஞாயிறு நாலு மணிக்கு வரவேண்டிய போன் வராமல், அந்த மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டாரோ, இல்லை கோபமோ என்று தவித்திருந்தபோது, போன வாரம் அவர் மகள் ஜெபமலர் கூப்பிட்டாள். "மாமா, அப்பாவுக்குக் காது சுத்தமாப் போயிட்டு. மிசின் வச்சும் கேக்கல. எதுத்தாப்புல உக்காந்து வாயைப் பாத்தாத்தான் என்ன பேசுதோம்னு பிடிபடுது. தன் குரல் தனக்கே கேக்கலன்னு பேச்சையும் விட்டுட்டாரு, எல்லாம் எழுதித்தான் காட்டுதாரு. ஞாயித்துக்கிழமை நாலு மணி ஆச்சுன்னா போனைக் கையில வச்சிட்டுச் சும்மா உக்காந்திருக்காரு மாமா. உங்களைப் பாக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்காரு. வெளிச்சத்தைப் பாத்து உக்காருங்க, வாய் தெரியணும். அப்பாவுக்கு ஒரே கவலைதான். அண்ணாச்சிக்கு அம்மாம்பெரிய மீசையாச்சே, அது வாயை மூடிருந்தா எப்படிப் படிக்கன்னு எழுதி எழுதிக் கேட்டுக்கிட்டே இருக்காரு." உச்சிமாகாளி அப்போது தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இப்போதும் தடவினார். எழுபத்து நாலு வருஷமாய் அங்கே ஒன்றும் முளைத்ததில்லை.

அந்த மீசை ஒரு பீடிக்கட்டிலிருந்து வந்தது. வெள்ளைப்பாறைக்கும் சிற்றாலங்குளத்துக்கும் நடுவே ஒன்பது கிலோமீட்டர், நடுவில் ஊரும் இல்லை உயிரும் இல்லை, உடைமரமும் தண்டவாளமும்தான். சிற்றாலங்குளத்தில் ஸ்டேஷன் மாஸ்டராய் உட்கார்ந்த முதல் நாள், இதே போல ஆடி மத்தியானம், பக்கத்து ஸ்டேஷனோடு மட்டும் பேசுகிற அந்தக் கறுப்பு போன் அடித்தது. "நான் வெள்ளைப்பாறை, ஞானதிரவியம். அண்ணாச்சி பேரு?" "உச்சிமாகாளி." "யாத்தே, கேக்கும்போதே குலை நடுங்குதே. ஆளு எப்படி இருப்பீக?" ஆள் ஐந்தடி ரெண்டங்குலம். சிக்னல் கம்பியை இழுக்கிற லிவரில் தொங்கினால் லிவர் இறங்காது, இவர்தான் ஏறுவார். ஆனால் பேருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? மேஜையில், தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் மறந்து வைத்துவிட்டுப் போன பீடிக்கட்டு கிடந்தது. அதன் மேல்தாளில் ஒரு பயில்வான், ஆறடி, நெற்றியில் தழும்பு, மீசை என்றால் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் நிறுத்தலாம். உச்சிமாகாளி தாளைப் பார்த்துப் படித்தார், அப்படியே ஒப்பித்தார். தழும்பு எதனால் என்று அந்தப் பக்கம் கேட்க, தாளில் அதற்கு விவரம் இல்லாததால், சிறுத்தை என்றார். ஒரு முறை சொன்ன பிறகு அந்த ஆளைச் சும்மா நிறுத்த முடியுமா, தீனி போட வேண்டாமா? ஆறு வருஷம், நாளுக்கு எட்டு ரயில், ரயிலுக்கு ஒரு கதை. டிக்கெட் கவுண்டருக்குள் மழைக்கு ஒதுங்கிய சிறுத்தைக்கு பிளாட்பாரம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தது, அது அதை வாயில் கவ்விக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பாசஞ்சர் வருகிற வரைக்கும் காத்திருந்து, எஞ்சினைப் பார்த்துவிட்டு இதற்கா இவ்வளவு நேரம் என்கிற மாதிரி எழுந்து போனது. கறுப்பு போனின் அந்தக் கோடியில் ஞானதிரவியம் சிரிக்கிற சிரிப்பில் கம்பி நெடுக உட்கார்ந்த குருவிகள் எழும்பிப் பறக்கும் என்பது இவர் நம்பிக்கை. பார்க்கப் போயிருக்கலாம், ஒன்பது கிலோமீட்டர்தான். போகவில்லை. அந்த வழியாக ரயிலில் போக நேர்ந்தால் வெள்ளைப்பாறை வருவதற்கு முன்னாலேயே தினசரித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொள்வார். ஒரு தடவை தாள் தலைகீழாய் இருந்தது. தாளுக்கு அந்தப் பக்கம் கொடி மடக்குகிற சத்தம் கேட்கும், அவர் குரல் கேட்கும், "ரைட், போலாம்" என்று, அவ்வளவு பக்கத்தில். தாளைக் கொஞ்சம் இறக்கினால் போதும். விரல் வியர்த்ததே தவிர இறக்கவில்லை. பிறகு மாற்றல், வெவ்வேறு ஊர், ரிட்டயர்மென்ட், கறுப்பு போன் போய் வீட்டுப் போன், அது போய்ச் செல்போன். நாலு மணி பாசஞ்சர் கடக்கிற நேரத்துக்கு ஞாயிறுதோறும் குரல் மட்டும் வந்தது. அவர் இவருக்கு அண்ணாச்சி, இவர் அவருக்கு அண்ணாச்சி, யார் மூத்தவர் என்று இன்று வரைக்கும் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பச்சை வந்தது. வந்ததும் உச்சிமாகாளி போனைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோய், பட்டியலில் சிற்றாலங்குளம் என்று தான் வைத்த பேரைக் கண்டார். இங்கிலீஷ் எழுத்தில் அது ஏதோ வெளிநாட்டு ஸ்டேஷன் மாதிரி இருந்தது. வேண்டுமானால் பேர் வெளியே தெரியாமல் மறைத்துக்கொள்ளலாம் என்றும் அந்தப் பெண் சொன்னாள். பேர்ப்பலகை இல்லாத ஸ்டேஷனா, அது ஆகாது. ஒரு ஆடியில் காற்று பலகையைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பருத்திக் காட்டில் நட்டுவிட, டிரைவர் அதுதான் ஊர் என்று நிறுத்தி, மூன்று பேர் இறங்கி, திரும்ப வழி தெரியாமல் அங்கேயே டீக்கடை போட்டு, பிள்ளை பெற்று, இப்போது அங்கே பஸ் நிற்கிறது என்று இவர் சொல்லி ஞானதிரவியம் நம்பிய கதை ஒன்று உண்டு, நம்பினாரா, நம்புவது போல மூச்சு விட்டாரா? விருந்தாளிகளுக்கென்று தனியாய் ஒரு இணைப்பு, அதில் வருகிறவர்கள் நம் வீட்டுப் போனுக்குள் எட்டிப்பார்க்க முடியாது என்றாள். அது நல்ல ஏற்பாடு, அது லூப் லைன், வந்த வண்டியை ஓரமாய் ஒதுக்கி நிறுத்திவிட்டு மெயின் லைனைச் சுத்தமாய் வைத்துக்கொள்வது. எல்லாம் தெரிந்த விஷயம்தான். பாஸ்வேர்டும் தெரிந்த விஷயம்தான், அங்கேதான் வினை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பூட்டுப் போட்ட இழுப்பறைக்குள் ஒரு தாள் இருக்கும், அது நிறைய வரிசை கெட்ட ரெண்டு இலக்க எண்கள். ரயில் அனுப்பலாமா என்று பக்கத்து ஸ்டேஷன் கேட்டால், லைன் கிளியர், பாதை காலி என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது, தாளில் அடுத்து நிற்கிற எண்ணைச் சொல்ல வேண்டும். அதுதான் பிரைவேட் நம்பர். அவர் திருப்பிச் சொல்வார், இவர் கோடு போட்டு அடித்து நேரம் எழுதுவார். வாயை விட்டு வெளியே வந்த நம்பர் அத்தோடு செலவு. பிறகு அதற்கு உயிர் கிடையாது. பெட்டி எட்டு எழுத்தாவது கேட்டதால், இரண்டு மணி வாக்கில் ஒரு நோட்டில் தானே அதே மாதிரி எண்களை எழுதி, நாலு பிரைவேட் நம்பரைக் கோர்த்து முதல் பாஸ்வேர்டைப் போட்டார். அடுக்களையிலிருந்து மனைவி செண்பகவடிவு, "ஏங்க, என் போன்லயும் போடணும், நம்பரைச் சொல்லுங்க" என்றாள், சொன்னார், சொன்ன வாயோடு நோட்டில் கோடு போட்டு இரண்டு இருபது என்று எழுதி, பாஸ்வேர்டை மாற்றினார். "இப்பத்தானே சொன்னீங்க, அதுக்குள்ள தப்புங்குது?" "அது செலவாயிட்டு." "உங்க நம்பரைத் திருடி நான் எந்த ரயிலை ஓட்டப்போறேன்?" இரண்டாவதைத் தட்டும்போது தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டார், பக்கத்து வீட்டு பால்கனியில் யாரோ தும்மினார்கள், காதில் விழுந்திருக்கும் என்று அதையும் கோடு போட்டு அடித்தார். மூன்றாவதைப் போட்டு முடிக்க, பெட்டி மாட்டிய பெண்ணே கூப்பிட்டு, "சார், எல்லாம் ஓகேயா?" என்றாள். "ஓகேம்மா, முப்பத்தொண்ணு பத்தொம்பது..." "ஐயோ சார், அதை எங்கிட்ட சொல்லாதீங்க!" அடித்தார். இந்த நாலாவதை யாரும் கேட்கவில்லை, சத்தியமாய்க் கேட்கவில்லை. ஆனால் தட்டும்போது உதடு அசைந்ததே? அசைகிற உதட்டைப் படிக்கிற ஒரு ஆள் இப்போது உலகத்தில் இருக்கிறாரே? உச்சிமாகாளி பேனாவை எடுத்துக் கோடு போட்டார், மூன்று பதினெட்டு. பெட்டி மறுபடி சிவப்பில் விழுந்தது. விழுந்ததும் நெஞ்சுக்குள் என்னவோ லேசாயிற்று. லேசானதைக் கண்டு அவருக்கே துணுக்கென்றது.

ஏனென்றால் அந்த மாதிரி லேசாய் ஒரு பொய் வந்த நாள் ஒன்று உண்டு. சிறுத்தை அன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, கதையில்தான். வெள்ளைப்பாறையிலிருந்து புறப்பட்ட கூட்ஸ் வண்டி சிற்றாலங்குளத்தில் தடதடவென்று வந்து நுழைந்துகொண்டிருந்தது, இவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி போனில் சிறுத்தையின் வாலை வர்ணித்துக்கொண்டிருந்தார். அடுத்து விட வேண்டிய பாசஞ்சர் வெள்ளைப்பாறையில் நிற்கிறது, முந்நூறு ஜனம், "அண்ணாச்சி, கூட்ஸ் முழுசா வந்துட்டா? பாசஞ்சரை விடலாமா?" என்று ஞானதிரவியம் கேட்டார். "வந்துட்டு, லைன் கிளியர், நம்பர் ஐம்பத்தாறு," என்று இவர் சொன்னார், வாலை விடாமல். திருப்பிச் சொல்ல வேண்டிய ஐம்பத்தாறு வரவில்லை. வேறு ஒன்று வந்தது: "அண்ணாச்சி, உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு. நீங்க நெசம் சொல்லும்போது இம்புட்டு நல்லா இருக்காது, கொஞ்சம் திக்கும். வெளிய போயி கூட்ஸோட கடைசிப் பெட்டியைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க." போனார். கடைசிப் பெட்டி இல்லை. வால் விளக்கு இல்லை. சங்கிலி அறுந்து நாலு வேகனும் வால் விளக்கு மாட்டிய கார்டு வண்டியும் நடுக்காட்டு வளைவில், பாசஞ்சர் வரப்போகிற அதே தண்டவாளத்தில், வெயில் காய்ந்துகொண்டு நின்றன. திரும்பி வந்து எடுத்தபோது போன் காதில் மூன்று தடவை இடித்தது. ஞானதிரவியம் அதட்டவில்லை, மேலே எழுதிப் போடவில்லை. "ஐம்பத்தாறை அடிச்சிருங்க" என்றார். பிறகு, "அண்ணாச்சி, கதை எவ்வளவு வேணாலும் சொல்லுங்க, எனக்கு இங்க வேற யாரு இருக்கா. ஆனா நம்பர் சொன்னா நெசமா இருக்கணும். நம்பரோட பொய் வேண்டாம்." அதற்கப்புறம் உச்சிமாகாளி நம்பரோடு பொய் சொன்னதில்லை, நம்பர் இல்லாமல் ஏராளம் சொன்னார். அந்த முந்நூறு பேர் இப்போதும் சில மத்தியானங்களில் வருவார்கள், மஞ்சள் பை, பலாப்பழம், மடியில் பிள்ளை, பாசஞ்சரின் ஜன்னல்களில் ஒன்றும் தெரியாமல் வேர்க்கடலை உரித்துக்கொண்டு இந்த வரவேற்பறையைக் கடந்து, டி.வி. அலமாரிக்கும் நாற்காலிக்கும் நடுவே போவார்கள், அவர் காலை மடக்கி வழி விடுவார். இன்றைக்கும் விட்டார். அவர்கள் போனபின் நினைப்பு மறுபடி அங்கேயே வந்து முட்டியது. என் பொய்யைக் குரலில் கண்டுபிடிக்கிற ஒரே காது அது. அது போய்விட்டது. இனி அந்த மனுஷனிடம் கண்தான் இருக்கிறது, கண்ணுக்குக் காட்ட என்னிடம் இந்த மூஞ்சி இருக்கிறது. நாற்பத்தாறு வருஷமாய் ஒரு பயில்வானோடு பேசினவர், நாலு மணிக்குப் பீடிக்கட்டைத் திறந்தால் உள்ளே நான். யாருய்யா நீ என்று கேட்டால்? கேட்காமல் போனை மகளிடம் நீட்டிவிட்டால்?

எப்போது எழுந்தார், எப்போது அலமாரி இழுப்பறையில் செண்பகவடிவின் மை டப்பாவைத் தேடி எடுத்தார், அவருக்கே தெரியாது. கண்ணாடியில் பார்த்தபோது வலது பக்கம் முடிந்து இடது பக்கம் பாதி வளைந்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது. இந்த முகத்துக்கு இத்தனை நாள் இதுதான் குறையோ என்று தோன்றுகிற அளவுக்கு இருந்தது. மீசைக்காரன் கண்ணாடிக்குள்ளிருந்து, நான் எத்தனை வருஷமாய்க் காத்திருக்கிறேன், இப்போதாவது கூப்பிட்டாயே என்பது போலப் பார்த்தான். "யாருங்க அது, எங்க வீட்டுக்குள்ள?" செண்பகவடிவு காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றாள். நின்றவள் டம்ளரை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "பயமா இருக்கா?" "ம்." "அந்த மனுசன் உங்க வாயைப் பாத்துப் படிக்கணும்னு உக்காந்திருக்காரு. நீங்க வாய் மேல கரியைப் பூசிட்டு நிக்கீங்க. இங்க வாங்க." தேங்காயெண்ணெயைத் தொட்டு முந்தானையால் தேய்த்தாள், மை லேசில் போகிற மையா, அவள் தேய்த்த தேய்ப்பில் மேலுதடு தோல் சிவந்து காந்தியது. மணி மூன்று நாற்பத்தெட்டு. "பொட்டி பச்சையா?" "பச்சைதான். ஆனா இந்த நம்பரும்..." "வாயைத் திறக்காதீங்க. போனைக் கொடுங்க." காலையில் அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபோது இவர் பெட்டியின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், இவள் அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, போனை மடியில் மறைத்துக்கொண்டு, அவருக்கு முதுகு காட்டி, என்னவோ தட்டினாள். பெட்டி செத்தது. பொழைத்தது. அவர் போனில் மறுபடி என்னவோ தட்டி, "இந்தாங்க" என்று நீட்டினாள். மேலே மூன்று வளைவுக் கோடு, விசிறி மாதிரி, முழுசாய் நின்றது. "என்ன நம்பர் போட்டே?" "சொல்ல மாட்டேன்." "எனக்குக் கூடவா?" "உங்களுக்குத்தான் சொல்லக்கூடாது." இந்த வீட்டில் செலவாகாத ஒரு நம்பர் இருக்கிறது, அது எனக்கே தெரியாது என்கிற நினைப்பு அவர் உடம்பில் வெந்நீர் மாதிரி பரவியது. இனி மாற்ற முடியாது. வண்டியை நிறுத்த கையில் ஒன்றும் இல்லை. உள்ளே வரப்போகிற ரயிலைப் பார்த்துக் கொடியோடு நிற்பது மட்டும்தான் பாக்கி, வெளிச்சத்தைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், காற்று, சாரல், கம்பி, ஒன்பது கிலோமீட்டர்.

நாலு மணிக்கு முகம் வந்தது. நெற்றி அகன்ற, மூக்குக்கண்ணாடி போட்ட, பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு முகம். இத்தனை வருஷச் சிரிப்பு இந்த வாயிலிருந்தா வந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முகமும் பார்த்தது. கண் மேலே போய், வழுக்கையில் கொஞ்சம் நின்று, கீழே இறங்கி, சிவந்து காந்துகிற மேலுதட்டில் வந்து நின்றது. நின்ற கண் நகரவில்லை. இதோ, இப்போது, என்று உச்சிமாகாளி மூச்சைப் பிடித்தார். ஞானதிரவியம் குனிந்து ஒரு தாளில் எழுதி, எழுதியதைத் தூக்கிக் காட்டினார். 'எனக்காகவா மீசையை எடுத்தீங்க, அண்ணாச்சி?' கண்ணாடிக்குள் அவர் கண் நிறைந்திருந்தது. இதைவிட ஒரு நல்ல வழி எந்த மனுஷனுக்கும் கிடைக்காது, சிக்னல் இறங்கி, பாயிண்ட் போட்டு, பாதை பளபளவென்று கிடக்கிறது, போகவேண்டியதுதான். "ஆமா, அண்ணாச்சி" என்றார். குரல் என்ன அழகாய் வந்தது, திக்கல் இல்லை, பிசிறு இல்லை. கேட்கத்தான் அந்தப் பக்கம் காது இல்லை. ஞானதிரவியம் உதட்டைப் படித்தார். தலையை மெதுவாய் ஆட்டினார். பிறகு பேனாவை எடுத்து, அதே தாளில், கீழே, ஒரே ஒரு வார்த்தை எழுதித் தூக்கினார். 'நம்பர்?' நாற்காலிக்குப் பின்னாலிருந்து செண்பகவடிவு தாளை எட்டிப் பார்த்தாள். ஜன்னலில் வேட்டிகள் ஓடின. உச்சிமாகாளியின் வாய் திறந்தது, மூடியது, ஐம்பத்தாறு என்று ஒன்று உள்ளே எழும்பி வந்தது, அது செலவான நம்பர், என்றைக்கோ செலவான நம்பர், அதை வைத்து ஒரு பாசஞ்சரையும் விட முடியாது. "இல்ல," என்றார். திக்கியது. "இல்ல, அண்ணாச்சி. மீ... மீசையே கிடையாது. என்னைக்குமே. ஆளும் அஞ்சடி ரெண்டங்குலம்தான். நம்பர்... நம்பர் முப்பத்தெட்டு." ஞானதிரவியம் அந்த உதட்டை வரி வரியாகப் படித்தார். உதட்டால் முப்பத்தெட்டு என்று திருப்பிச் சொன்னார். தாளில் எழுதினார், பக்கத்துச் சுவரில் மணி பார்த்து நேரம் எழுதினார், கோடு போட்டார். போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தபோது அந்தச் சிரிப்பு வந்தது, கம்பிக்குருவி எழும்பும் அதே சிரிப்பு, ஆனால் இப்போது அதற்கு ஒரு முகம் இருந்தது, முன்பல் ரெண்டு இல்லாத முகம். சிரித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, இன்னொரு வார்த்தை எழுதினார். 'சிறுத்தை?' உச்சிமாகாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளிச்சம் வாயில் நன்றாய் விழுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வந்தது, அண்ணாச்சி," என்றார், கொஞ்சமும் திக்காமல், "நம்பர் அறுபத்தொண்ணு."